அரைப் புள்ளி நாட்கள்

முடிவு என்ன? – 9

போன வாரம் ஜப்பானில் இருந்தோம். வருடத்துக்கு ஆறு சுமோ போட்டிகள், ஒவ்வொன்றும் 15 நாள். மேல்தட்டு வீரர் நாளுக்கு ஒரு முறை களம் இறங்குகிறார். பெரும்பாலான மோதல்கள் சில விநாடிகளில் முடிகின்றன. வென்றால் பட்டியலில் வெள்ளை வட்டம், தோற்றால் கறுப்பு வட்டம். 15 நாளில் 8 வெள்ளை சேர்ந்துவிட்டால் தலை தப்பியது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே அந்தப் பட்டியலில் வேறொன்றுக்கு இடம் கிடையாது.

நம்மூரில் இப்படி நாள்கணக்கில் ஒரு போட்டியின் பின்னால் போகிறவர்கள் யார்? கிரிக்கெட் ரசிகர்கள் என்றுதான் சட்டென்று தோன்றும். டெஸ்ட் ஆட்டம் ஐந்தாம் நாள் முடிந்துவிடுகிறது. இரண்டு வாரம், மூன்று வாரம் என்று தினமும் ஒரு முடிவுக்காகக் காத்திருப்பவர்களை மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் தேடினால், அவர்கள் செஸ் பார்க்கிறவர்களாக இருப்பார்கள். பள்ளி விட்டதும் பிள்ளையை ஸ்கூட்டரில் செஸ் வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு போகும் அம்மாவிலிருந்து, பணி ஓய்வுக்குப் பிறகு பலகையும் பத்திரிகையுமாக உட்காரும் தாத்தா வரை எல்லா வயதிலும் இருக்கிறார்கள்.

இது நேற்று முளைத்த பழக்கமும் அல்ல. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர், 1961-ல் அந்தப் பட்டம் பெற்ற மானுவேல் ஆரோன், இந்த ஊர்க்காரர். ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் மிகைல் தால் பெயரில் ஒரு செஸ் கிளப் தொடங்கியது. ஜெயித்தவர் நாற்காலியில் தொடரலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்ற அந்த கிளப்பின் அதிவேக ஆட்டங்களில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் கை பழகினார். 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவரைப் பின்தொடர்ந்து பின்தொடர்ந்தே இந்த ஊர் முடிவுகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

அந்தக் காத்திருப்பில் டிரா என்கிற அரைப் புள்ளியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும். செஸ் உலகப் பட்டப் போட்டியில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் டிராவில் முடிகின்றன. செய்தியில் ஒரு வரி வருகிறது. வெறும் வாயோடு அன்றைய நாள் போய்விட்டதாக நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பட்டம் யாருக்கு என்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான் தீர்மானமாகிறது.

1995-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் 107-வது மாடியில் ஆனந்தும் காஸ்பரோவும் செப்டம்பர் 11 அன்று தொடங்கினார்கள். 20 ஆட்டங்கள் கணக்கு. அங்கே பகல் என்றால் இங்கே இரவு. விடிந்த பிறகுதான் சேதி. முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதை ஆனந்த் ஜெயித்தார். ஊரே நிமிர்ந்து உட்கார்ந்த மறுநாளே காஸ்பரோவ் பத்தாவதை ஜெயித்தார், பிறகு 11, 13, 14. மொத்தம் 10.5-க்கு 7.5 என்று முடிந்தது. எட்டு டிராக்களில் ஆனந்தின் ஆட்ட முறையை அளந்து பார்த்து, எந்த இடத்தில் தட்டினால் திறக்கும் என்று காஸ்பரோவ் தெரிந்துகொண்டார் என்பது என் வாசிப்பு. நான்கு தோல்விகளை மட்டும் எண்ணினால் இது தெரியாது.

2013 நவம்பரில் உலகப் பட்டப் போட்டியே சென்னைக்கு வந்தது. அண்ணா சாலையில், தேனாம்பேட்டை ஹையாத் ரீஜென்சி ஓட்டல். ஆனந்தும் 22 வயது மேக்னஸ் கார்ல்சனும். தினமும் மாலை 3 மணிக்கு ஆட்டம். பார்வையாளர்கள் செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் அரங்கத்துக்குள் போக முடியும். இருவரும் ஒலி புகாத கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். பெரிய திரையில் காய்களின் நிலை தெரியும்; பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்கலாம், அவ்வளவுதான். 12 ஆட்டம் என்று திட்டமிட்டது, பத்தாவதோடு முடிந்துபோனது.

அந்தப் பத்தில் முதல் நான்கும் டிரா. முதலாவது 16 நகர்வில், இரண்டாவது 25 நகர்வில் கைகுலுக்கலோடு முடிந்தன. இவை இரண்டும் உண்மையிலேயே முன்னோட்டம் பார்த்த நாட்கள், சீக்கிரம் கடந்துவிடலாம். மூன்றாவதைக் கடக்க முடியாது. அது 51 நகர்வு. கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆனந்துக்கு அன்று நல்ல நிலை அமைந்தது, கார்ல்சன் திணறினார், ஆனால் ஆனந்த் அழுத்தத்தைத் தளர்த்திவிட்டார். மறுநாள் நான்காவது, 64 நகர்வு. இப்போது நிலைமை தலைகீழ். கார்ல்சன் ஒரு சிப்பாயை வெட்டிவிட்டு மணிக்கணக்கில் பிழிந்தார், ஆனந்த் பல்லைக் கடித்துக்கொண்டு தப்பித்தார். மறுநாள் செய்தித்தாளில் இரண்டுக்கும் ஒரே முடிவு. ஆனால் ஒன்றில் ஆனந்த் கையிலிருந்ததை விட்டார், மற்றதில் விடாமல் காப்பாற்றக் களைத்தார். நவம்பர் 15-ல் ஐந்தாவது, 16-ல் ஆறாவது ஆட்டங்களைக் கார்ல்சன் அடுத்தடுத்து ஜெயித்தபோது ஊரில் பலர் அதிர்ச்சி என்றார்கள். மூன்றையும் நான்கையும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வருத்தம் இருந்தது, அதிர்ச்சி இல்லை.

நவம்பர் 21-ன் ஒன்பதாவது ஆட்டம் மட்டும் வேறு வகை. இரண்டு புள்ளி பின்தங்கிய ஆனந்த் அன்று எல்லாவற்றையும் பணயம் வைத்துக் கறுப்பு ராஜாவை நோக்கிப் படையெடுத்தார். ராணி எதிரி ராஜாவின் வாசலில் நிற்கிறது. யானை ஓர் ஓரம் நகர்ந்தால் மேட். கார்ல்சனின் ஒற்றைச் சிப்பாய் மறு ஓரத்தில் கடைசிக் கட்டத்தை எட்டி ராணியாகி செக் சொல்கிறது. பிஷப்பைக் குறுக்கே போட்டிருந்தால் ஆட்டம் நீடித்திருக்கும். ஆனந்த் 28-வது நகர்வில் குதிரையைப் போட்டார். கார்ல்சன் புது ராணியை மூன்று கட்டம் தள்ளி வைத்ததும் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். யானை அந்த ஓரத்துக்குப் போனால் புது ராணி அதை வெட்டிவிடும். பத்து வருடம் கழித்தும் அந்தக் குதிரை நகர்வைப் பேசாத செஸ் வீடு மயிலாப்பூரில் குறைவு.

மறுநாள் பத்தாவது ஆட்டம் 65 நகர்வில் டிரா. கார்ல்சன் 6.5-க்கு 3.5 என்று பட்டத்தோடு போனார். அந்த 6.5-ல் மூன்று வெற்றிகள், மிச்சம் 3.5 புள்ளி ஏழு டிராக்களிலிருந்து வந்தது.

அந்த அரங்கத்தில் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் 7 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் அந்தக் கண்ணாடிக்குள் உட்கார வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியதாக, பதினோரு வருடம் கழித்து உலக சாம்பியனான பிறகு சிங்கப்பூரில் அவனே சொன்னான். குகேஷ் என்று இனி மரியாதையோடு சொல்லலாம்.

2024 நவம்பர் 25. சிங்கப்பூர் சென்டோசா தீவில் குகேஷுக்கும் சீனாவின் டிங் லிரனுக்கும் போட்டி தொடங்கியது. 14 ஆட்டங்கள். நம் நேரம் மதியம் 2.30. அதே வருடம் ஏப்ரலில் டொரண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியின் சுற்றுகள் நமக்கு நள்ளிரவில் தொடங்கின. சென்னை அப்போது தூக்கத்தைத் தொலைத்தது. சிங்கப்பூர் அந்த வகையில் வசதி. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்தில் முடிவு தெரியும்.

எங்கள் அடுக்ககத்தில் மேல் வீட்டு மாமா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். கோடு போட்ட சாதாரண நோட்டுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி: யார் வெள்ளை, எத்தனை நகர்வு, முடிவு. நான்காவதாக ஒரு பத்தி. அதில் அம்புக்குறி. டிராவானாலும் அன்று யார் யாரை நெருக்கினார்களோ அந்தப் பக்கம் அம்பு. இரண்டு பேரும் சும்மா இருந்தால் வெறும் கோடு.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் மாடிப்படியில் கேட்டேன்.

“என்ன மாமா, இன்னிக்கும் டிராதானா?”

“டிராதான். எந்த மாதிரி டிரான்னு கேளேன்.”

“எல்லாம் ஒரே மாதிரிதானே போயிண்டிருக்கு?”

“யார் சொன்னா? மேல வா, காட்டறேன்.”

நோட்டைப் பார்த்தபோது எனக்கே விளங்கியது. முதல் ஆட்டம் டிங் கறுப்பில் வெற்றி. இரண்டாவது டிரா. மூன்றாவதில் குகேஷ் வெற்றி. டிங்கின் கடிகாரம் 37-வது நகர்விலேயே தீர்ந்துபோனது. அதன் பிறகு நான்கிலிருந்து பத்து வரை வரிசையாக ஏழு டிரா. ‘சப்’பென்று போகிறது என்று எங்கும் ஒரே பேச்சு. மாமாவின் அம்புகள் வேறு கதை சொல்லின. ஆறாவது ஆட்டம், டிசம்பர் 1: டிங் வெள்ளை, அவருக்கே சற்று சாதகம். ஒரே நிலையைத் திரும்பத் திரும்ப ஆடி டிரா செய்துகொள்ளலாம் என்ற வாய்ப்பு வந்தது. கறுப்பில் இருந்த குகேஷ் மறுத்துவிட்டு ஆடினார். ஏழாவது, டிசம்பர் 3: குகேஷ் வெற்றியின் விளிம்புவரை போனார், 40-வது நகர்வை எட்டும்போது டிங்கின் கடிகாரத்தில் சில விநாடிகளே பாக்கி. அந்த நெருக்கடியிலிருந்து டிங் மீண்டு, 5 மணி நேரத்துக்கும் மேல் ஆடி, 72 நகர்வில் டிரா செய்தார். பத்தாவது ஆட்டத்துக்கு மட்டும் மாமா வெறும் கோடு போட்டிருந்தார். 36 நகர்வு, ஒரு சலனமும் இல்லை.

கீழ் வீட்டுப் பையன் வாரம் மூன்று நாள் தி.நகருக்கு செஸ் வகுப்புக்குப் போகிறான். அவன் போனில் பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டையைத்தான் பார்ப்பான். வெள்ளைக்கு எவ்வளவு, கறுப்புக்கு எவ்வளவு என்று கணினி கணக்கிட்டு ஏற்றி இறக்குகிற பட்டை. அது உபயோகமானது, நானும் பார்க்கிறேன். ஆனால் கணினிக்குச் சமம் என்று தெரிகிற நிலை மனிதனுக்கு நரகமாக இருக்கலாம். ஒரே ஒரு நகர்வு மட்டும் காப்பாற்றும், மற்றதெல்லாம் தோல்வி என்ற இடத்திலும் பட்டை நடுவில்தான் நிற்கும். டிங் 13-வது ஆட்டத்தில் அப்படி ஒற்றை நகர்வைக் கண்டுபிடித்துத்தான் பிழைத்தார். கண்டுபிடிக்க எவ்வளவு மூச்சு வாங்கியது என்று பட்டை காட்டாது. மாமாவின் அம்பு ஓரளவு காட்டுகிறது.

டிசம்பர் 8, பதினோராவது ஆட்டம்: டிங் பெரும் தவறு செய்ய, குகேஷ் 29 நகர்வில் வென்றார். 6-க்கு 5. மறுநாள் டிங் அருமையான ஆட்டம் ஆடி 39 நகர்வில் பதில் கொடுத்தார். 6-க்கு 6. டிசம்பர் 11-ல் டிரா. 6.5-க்கு 6.5.

டிசம்பர் 12, கடைசி ஆட்டம். டிங் வெள்ளை. டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டங்கள், அவற்றில் டிங்குக்கே வாய்ப்பு அதிகம் என்பது பலரின் கணிப்பு. டிங் காய்களை வெட்டி வெட்டிப் பலகையைக் காலி செய்துகொண்டே போனார். கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். சிப்பாய்களில் குகேஷிடம் ஒன்று கூடுதல். பட்டை நடுவில் நிற்கிறது. இந்த நிலையில் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் கைகுலுக்கியிருப்பார்கள். குகேஷ் ஆடிக்கொண்டே இருந்தார். அப்போது டிங்கின் பிஷப் பலகையின் ஒரு மூலையில் மாட்டியிருந்தது. 55-வது நகர்வில் டிங் யானைகளை வெட்டிக்கொள்ள முன்வந்தார். வெட்டிய கையோடு குகேஷ் தன் பிஷப்பை எதிரே வைத்தால் மூலையில் இருக்கும் பிஷப்புக்குத் தப்பிக்க வழியில்லை, அதுவும் வெட்டுப்படும், பிறகு வெறும் சிப்பாய் ஆட்டம், அதில் குகேஷுக்கு வெற்றி நிச்சயம். குகேஷ் அதைப் பார்த்துவிட்ட கணம் முகத்தில் அப்படியே தெரிந்தது. 58-வது நகர்வோடு டிங் கைகொடுத்தார். குகேஷ் கண்ணீரோடு காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி தொடக்க நிலையில் அடுக்கினார்.

18 வயதில் உலக சாம்பியன். 1985-ல் காஸ்பரோவ் பட்டம் வென்றபோது அவருக்கு 22.

டிங் தந்த பரிசு என்று அந்த 55-வது நகர்வைச் சொன்னவர்கள் உண்டு. மாமாவின் நோட்டை வைத்து நான் அதை மறுப்பேன். டிரா செய்துகொள்ளலாம் என்ற இடங்களில் செய்துகொள்ளாமல் இரண்டரை வாரம் ஒருவரை நாற்காலியிலேயே உட்கார வைத்தால், எதையாவது வெட்டித் தள்ளிவிட்டு எழுந்துவிடலாம் என்ற ஆசை அவருக்குள் வளரும். ஆறாவது ஆட்டத்திலும் ஏழாவதிலும் விதைத்தது அது. 14 ஆட்டத்தில் 9 டிரா, குகேஷின் 7.5 புள்ளியில் 4.5 அங்கிருந்து வந்தது.

கீழ் வீட்டுப் பையன் இப்போது தனக்கும் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறான். நான்கு பத்திக்குப் பதில் ஐந்து. கடிகாரத்தில் யாருக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று ஒன்று சேர்த்திருக்கிறான். மாமாவுக்கு அது பிடித்துப்போய், தன் நோட்டிலும் ஐந்தாவது கோடு போட்டுவிட்டார்.

அடுத்த வாரம்: வெற்றியும் இல்லாமல், டிராவும் இல்லாமல் முடிந்த ஓர் ஆட்டம். சேப்பாக்கம், 1986 செப்டம்பர்.

(தொடரும்)