பனிமகளின் ஆகாயம்

பேய்ப்படம் என்ற மாத்திரத்தில் வெள்ளைப் புடவையும் நள்ளிரவுச் சலங்கையொலியும் செவியைக் கிழிக்கும் பேரிரைச்சலுமே மனத்தில் தோன்ற, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ரசிகர்கள் தேனி வட்டாரத்தில் என்னைப் போல் பலர் உண்டு. அத்தகையோரையும் வசப்படுத்தவல்ல ஒரு திரைச்சித்திரம், ஜப்பானிய இயக்குநர் மசாகி கோபயாஷி 1964-இல் உருவாக்கிய 'குவைதான்'.

கிரேக்கத் தீவொன்றில் 1850-இல் பிறந்து, ஜப்பானில் குடியேறி, அந்நாட்டுப் பெண்ணையே மணந்து, கொய்சுமி யாகுமோ என்று பெயரும் மாற்றிக்கொண்ட லாஃப்காடியோ ஹெர்ன், அங்கே கர்ணபரம்பரையாக வழங்கிய கதைகளைத் திரட்டி எழுதினார். அவற்றுள் நான்கை மூன்று மணி நேரச் சித்திரமாக்கினார் கோபயாஷி. 1965-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது.

என் மனத்தைக் கொள்ளைகொண்டது இரண்டாவது கதை. பனிப்புயலில் அகப்பட்ட இரு விறகுவெட்டிகளுள் முதியவனைத் தன் மூச்சாலேயே உறையவைத்துக் கொன்ற பனிமகள், இளைஞன் மினோகிச்சியின்மேல் இரக்கங்கொண்டு, கண்டதை எவரிடமும் சொல்லலாகாது என்று எச்சரித்து அவனை உயிரோடு விடுகிறாள். பின்னாளில் யூக்கி என்பவளை மணந்து, மக்களைப் பெற்று, குறைவின்றி வாழும் அவன், ஓரிரவு விளக்கொளியில் மனைவியின் முகத்தில் அந்தப் பழைய சாயலைக் கண்டு, நடந்ததை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அவளே இவள்! ஆயினும் உறங்கும் குழந்தைகளின் பொருட்டு அவனைக் கொல்லாமல், பனிக்குள் நடந்து மறைகிறாள். அவளுக்கென்று தன் கையால் செய்த செருப்பை அவன் வாசலுக்கு வெளியே பனியில் வைக்கிறான். சற்றைக்கெல்லாம் அதுவும் மறைந்துவிடுகிறது. ஏற்றுக்கொண்டாள் என்பதற்கு வேறு வசனம் எதுவும் இல்லை.

இத்தனைக்கும் அங்கே காணும் ஆகாயம் மெய்யான ஆகாயமன்று, அரங்கினுள் தீட்டிய திரை. அதில் மேகங்களுக்கு நடுவே பெருங்கண்கள் விழித்திருந்து மனிதனைப் பார்க்கின்றன. இசையமைத்த டோரு டகேமிட்சுவோ, முதற் கதையில் மரம் பிளக்கும் ஓசையையும் நீண்ட நிசப்தத்தையுமே வாத்தியங்களாகக் கொண்டார். பண்ணைப்புரத்து இளையராஜாவின் பின்னணி இசையில் மௌனத்துக்குரிய இடத்தை உணர்ந்த நம்மவர் செவிக்கு இது அந்நியமாக இராது.

பயமும் கருணையும் ஒரே ஊற்றில் பிறப்பதை நம் கம்பம் பள்ளத்தாக்கும் நெடுங்காலமாக அறியும். மதுரையை எரித்த கண்ணகி பதினான்கு நாள் நடந்து, வேங்கை மரநிழலில் நின்று, கோவலனோடு விண்ணேறிய இடமென்று நம்மவர் போற்றும் மங்கலதேவி மலைக்கு, கூடலூர், கம்பம் மக்கள் சித்திரைப் பௌர்ணமிதோறும் ஏறிச் செல்வது, அவளுடைய சினத்துக்கு அஞ்சி மட்டுமா? அவள் பட்ட துயரத்தை நினைந்துமல்லவா? பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரைக் கைகூப்பித் தொழுத தமிழர், இன்று பேயைக் கூச்சலிடும் பொம்மையாக்கிக் கொட்டகையில் ஓடவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அமெரிக்காவில் இப்படத்தை வெளியிட்டவர்கள், நீளங் கருதி இந்தப் பனிமகள் கதையையே வெட்டிவிட்டார்கள். அதைப் பேரநியாயம் என்றே சொல்வேன். ஆகவே, பார்க்க விரும்பும் அன்பர்கள் கைப்பேசியில் துண்டுதுண்டாகப் பாராமல், இரவில் விளக்கணைத்து ஒரே அமர்வில் பாருங்கள். கிடைத்த பிரதியில் நான்கு கதைகளும் உள்ளனவா என்பதை முன்னரே உறுதிசெய்துகொள்ளுங்கள்.