மடியில் ஒரு சின்னக் கத்தி

நம் கூட்டங்களில் விதையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். அமுதக்கரைசல், மீன் அமிலம், மூலிகைப் பூச்சிவிரட்டி என்று நோட்டு நிறைய எழுதிக்கொண்டு போகிறோம். கருவி என்று வந்தால் மட்டும் பவர் வீடர், தெளிப்பான், சொட்டுநீர் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கை தேடுகிற கருவி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கருவிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சட்டைப் பையிலோ மடியிலோ கிடக்கிற சின்ன மடக்குக் கத்தியைத்தான் சொல்கிறேன்.

வங்கியில் இருந்தவரை பணப்பையின் சணலையும் அரக்கு முத்திரையையும் வெட்டுவதற்கு ஒரு பேனாக்கத்தி மேசையில் கிடக்கும். ஓய்வுக்குப் பிறகு அரியலூர் பக்கம் கொல்லையில் இறங்கியதும் அதன் வேலை பத்து மடங்காகிவிட்டது. புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வருகிற நண்பர்கள், "சார், எந்தக் கத்தி வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

கொல்லையில் அதற்கு என்ன வேலை?

ரசாயனம் தெளிக்கிறவர் பூச்சியைப் பார்க்காமலே தெளித்துவிட்டுப் போகலாம். நாம் அப்படி முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டும், அறுத்துப் பார்க்க வேண்டும். பருத்தியில் வெளியே நன்றாகத் தெரிகிற பச்சைக் காயை அறுத்தால்தான் உள்ளே இளஞ்சிவப்புக் காய்ப்புழு இருப்பது தெரியும். அங்கொன்று இங்கொன்றாக இருபது காய் பறித்து அறுத்துப் பார்த்தால் நிலவரம் புரிந்துவிடும். மக்காச்சோளத்தில் 2018இல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர் இரண்டையும் உலுக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். குருத்துக்குள் எச்சம் கிடந்தால், கத்தி முனையால் இலைச்சுருளை விலக்கிப் புழுவை எடுத்துவிடலாம்.

முந்திரிக்கு இந்தக் கத்தி மருத்துவர் மாதிரி. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரி வைத்திருக்கிற எல்லோருக்கும் தண்டு, வேர்த் துளைப்பானைத் தெரியும். மரத்தின் அடியில் மரத்தூள் மாதிரி சக்கை தள்ளியிருக்கும், பிசின் வழியும், இலை மஞ்சளாகும். அந்தக் கட்டத்தில் பட்டையைச் சீவி, புழு போன வழியைப் பிடித்துப் போய், அதை வெளியே எடுத்துவிட்டு, வேப்ப எண்ணெய் தடவினால் மரம் பிழைக்க வாய்ப்புண்டு. 'நாளைக்குக் கத்தி கொண்டு வந்து பார்க்கலாம்' என்று போனால் அந்த நாளை வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். பட்டை சுற்றிலும் அரிபட்டால் பத்து வருட மரம் நின்ற இடத்திலேயே காயும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. போன மழைக்காலத்தில் பக்கத்துக் கொல்லைக்காரரின் கன்று, நைலான் கயிற்றோடு வேலிக்கால் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து, கழுத்து இறுகிக் கீழே விழுந்துவிட்டது. இறுகிய நைலான் முடிச்சைக் கையால் அவிழ்க்க முடியாது. சட்டைப்பையில் இருந்த கத்திதான் அன்றைக்கு உதவியது. அவர் சொன்னார்: "வீட்டுக்குப் போய் அருவாள எடுத்துட்டு வர்றதுக்குள்ள உசுரு போயிருக்கும் சார்." இப்படிப்பட்ட நேரத்தில் கத்தியின் முதுகு மாட்டின் தோலைப் பார்த்தும், கூர் வெளியே பார்த்தும் இருக்கும்படி கயிற்றுக்குக் கீழே நுழைத்து, வெளிப்பக்கமாக இழுத்து வெட்ட வேண்டும்.

வீட்டில் இருக்கிற ஒரு முழ அருவாளைவிட மடியில் இருக்கிற மூன்றங்குலக் கத்தி பெரிது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நம் தாத்தாக்களின் பல கருவி

இன்றைக்கு 'மல்டி டூல்' என்று விற்கிறார்களே, அந்த யோசனை நமக்குப் புதிதல்ல. அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியும் காதுக்குறும்பி எடுக்கும் கரண்டியும் ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கும். சுருக்குப்பையில் வெற்றிலையோடு பாக்குவெட்டி இருக்கும். கூடவே ஒரு சின்னக் கத்தி. சீமைக்கருவேல் முள் குத்தாத கால் நம் மாவட்டத்தில் உண்டா? முள்வாங்கியின் அருமை நமக்குத்தான் தெரியும்.

சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்திதான் இன்றைய விக்டோரிநாக்ஸ் கத்திகளுக்கு மூலம். அதன் 58 மில்லிமீட்டர் நீளச் சின்ன வகையில் கத்தி, கத்தரி, அரம், பல் குத்தும் குச்சி, முள்வாங்கி எல்லாம் அடங்கியிருக்கும். அமெரிக்காவில் டிம் லெதர்மேன் 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது குறடை மையமாக வைத்த பல கருவி. மோட்டார், சொட்டுநீர்க் குழாய், முள்வேலிக் கம்பி என்று அலைகிறவர்களுக்குக் குறடு உள்ளது பயன்படும். ஆனால் கனம் அதிகம். நான்கு நாள் பையில் போட்டுக்கொண்டு ஐந்தாம் நாள் வீட்டில் வைத்துவிடுவோம். பதினைந்து அலகு உள்ளதை வாங்குவதைவிட, நல்ல கத்தி ஒன்றும் முள்வாங்கி ஒன்றும் உள்ளதை வாங்குங்கள். குறடும் திருப்புளியும் வண்டி டிக்கியில் இருக்கட்டும்.

வழியில் பயம் வேண்டாம்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கத்தி விஷயத்தில் இது அப்படியே பொருந்தும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு உபயோகம், வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. மூன்றங்குலக் கத்தி இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. பிரிட்டனில், மூன்றங்குலத்துக்கு மேற்படாத, தாழ் இல்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. நாமும் மூன்றங்குலத்தை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

அளவு மட்டும் போதாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதற்காக வைத்திருக்கிறோம் என்பதையும் பார்ப்பார்கள். பொத்தானை அழுத்தினால் 'சடக்' என்று திறக்கிற கத்தி வேண்டவே வேண்டாம். கறுப்புப் பூச்சு, பல் வைத்த முதுகு, மண்டை ஓட்டுப் படம் போட்டதும் வேண்டாம். டீக்கடையில் பார்சல் நூலை வெட்ட எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் திடுக்கிடக் கூடாது. "அட, பேனாக்கத்தி" என்று திரும்பிக்கொள்ள வேண்டும்.

ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது கத்தியை வண்டியிலோ வீட்டிலோ வைத்துவிடுங்கள். வாசலில் பையைச் சோதிக்கிறார்கள். மனுவோடு போன நாம் கத்திக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்கும் சென்னை மெட்ரோ ரயிலுக்கும் இதேதான். திருச்சியில் விமானம் ஏறுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் பையில் போடாமல், எடை போட்டு ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நீளம்: அலகு இரண்டரை முதல் மூன்று அங்குலம். அதற்குக் குறைந்தால் கயிறு அறுக்கச் சிரமம். கூடினால் பையில் உறுத்தும்.

இரும்பு: கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், ஆனால் துருப்பிடிக்கும். வாழை, நெல்லிக்காய், முந்திரிப்பழம் வெட்டினால் அவற்றின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து அலகு கறுக்கும். அது கெடுதல் அல்ல. துருப்பிடிக்காத எஃகு பராமரிக்க எளிது. வேர்வை படுகிற சட்டைப் பையில் வைப்பவர்களுக்கும், துடைத்து வைக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கும் அதுதான் சரி.

தாழ்: திறந்த அலகு தானாக மடங்காமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பு. தாழ் இல்லாத கத்தியால் முனையை அழுத்திக் குத்தினால் அலகு மடங்கி விரலில் விழும். முந்திரிப் பட்டையைக் குடைகிற மாதிரி வேலை இருப்பவர்கள் தாழ் உள்ளதையே வாங்குங்கள். பிரான்ஸில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியில், 1955இல் ஒரு வளையத் தாழைச் சேர்த்தார்கள். திருகினால் அலகு அசையாது. உழவர்களும் மேய்ப்பர்களும் அதை விரும்பி வைத்துக்கொண்டார்கள். அதில் 6ஆம் எண் நம் அளவுக்குப் பொருந்தும்.

பிடி: ஈரக்கையில் வழுக்கக் கூடாது. கறுப்பு, பச்சை, காக்கி நிறம் புல்லில் விழுந்தால் கிடைக்காது. சிவப்போ மஞ்சளோ நல்லது. கயிறு கோக்க ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது.

வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டும் என்பதில்லை. நம் ஊர்க் கொல்லுப்பட்டறையில் சொல்லிச் செய்தால், பழைய ஹாக்ஸா பிளேடிலிருந்தே நல்ல அலகு அடித்துத் தருவார்கள். மடக்க முடியாவிட்டால் ஒரு தோலுறை தைத்துக்கொள்ளலாம். உடைந்தாலும் தேய்ந்தாலும் சரிசெய்து தர, செய்தவரே பக்கத்தில் இருப்பார்.

ஒட்டுக்கத்தி தனி

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சாக்கு அறுக்கிற கத்தியால் ஒட்டுக் கட்டாதீர்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற முந்திரி ரகங்கள் ஒட்டுக்கன்றாகத்தான் நம்மிடம் வருகின்றன. சொந்தமாகக் கட்ட விரும்புகிறவர்கள் வேர்ச்செடியைப் பிளந்து, தாய்க்குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருக வேண்டும். சீவிய முகம் கண்ணாடி மாதிரி சமமாக இருந்தால்தான் இரண்டு பட்டையும் ஒட்டும். ஒட்டுக்கத்திகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டியிருப்பது இதற்காகத்தான். இடது கைக்காரர்கள் அதற்கென்று உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கூரும் சுத்தமும்

மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அதிகமாக அழுத்துவோம், வழுக்கும். தண்ணீர் தொட்ட சாணைக்கல்லில், அலகைச் செங்குத்தாக நிறுத்தி, அதைப் பாதி சாயுங்கள், அந்தப் பாதியிலும் பாதி சாயுங்கள். ஏறக்குறைய சரியான கோணம் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேயுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாக இழுத்தால் பிசிறு போகும். மோட்டார் சாணையில் கொடுக்க வேண்டாம். மெல்லிய அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் அதன் உறுதி போய்விட்டது என்று அர்த்தம்.

நாம் மருந்து அடிப்பதில்லை, ஆகவே நோய் பரவாமல் தடுப்பதுதான் நமக்கு மருந்து. தக்காளி, மிளகாயில் சில தேமல் வைரஸ்கள் கை வழியாகவும் கத்தி வழியாகவும் பரவும். கரும்பில் மறுதாம்பைக் குட்டையாக்கும் பாக்டீரியா நோய், கரணை வெட்டும் கத்தியிலேயே வரிசை வரிசையாகப் போகும். ஒரு செடியை வெட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகுமுன் 70 சதவீத ஸ்பிரிட்டால் அலகைத் துடையுங்கள். தேமலுக்குக் கொழுப்பு நீக்கிய பாலில் கையையும் கத்தியையும் நனைப்பது பலன் தருகிற முறை. பஞ்சகவ்யத்தில் முக்கினால் கத்தி சுத்தமாகாது. அது நுண்ணுயிரை வளர்க்கிற கரைசல், கொல்கிற கரைசல் அல்ல. வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, மடங்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும்.

கத்தியோடு சேர்ந்து போக வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, ஒரு துண்டு சுத்தமான துணி. இன்னொன்று, ரணஜன்னித் தடுப்பூசி. அந்தக் கிருமியின் விதை மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. நம் கையோ நாள் முழுதும் அதில்தான் கிடக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை ஊக்கத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால், கத்தி வாங்கப் போகும் வழியிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.