முன்பாரம் கூடினால் வண்டி என்ன ஆகும்? பம்பருக்கு ஏற்ப ஸ்பிரிங்கை மாற்றும் கணக்கு

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளில் வண்டி ஓட்டுபவர்கள் அஞ்சும் நேரம் அந்திப்பொழுது. கங்காருக்கள் மேய்ச்சலுக்குக் கிளம்புவது அப்போதுதான். வளர்ந்த ஆண் சிவப்புக் கங்காரு 80 கிலோவைத் தாண்டவும் கூடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் குறுக்கே அது பாய்ந்தால் பிளாஸ்டிக் பம்பர் நொறுங்கும், ரேடியேட்டர் உடையும். அடுத்த ஊர் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், ரேடியேட்டர் உடைந்த வண்டியில் இருப்பவரின் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் அங்கே பிக்கப் வண்டி வாங்குபவர்களில் பலர் கம்பெனி பம்பரைக் கழற்றிவிட்டு, 'புல் பார்' எனப்படும் எஃகுத் தடுப்பை மாட்டுகிறார்கள். சேற்றில் சிக்கினால் இழுத்துக்கொள்ள வின்ச் ஒன்றையும் அதற்குள் வைக்கிறார்கள். பாதுகாப்புக்காகச் செய்யும் இந்த வேலையே வண்டியின் பாதுகாப்பைக் குறைத்துவிடவும் கூடும். சஸ்பென்ஷனைக் கவனிக்காமல் விட்டால் நடப்பது அதுதான்.

பின்னால் சுமக்கப் பிறந்த வண்டி

ஆஸ்திரேலியர்கள் பிக்கப்பை 'யூட்' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்று விக்டோரியா மாநில விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கதை. ஃபோர்டின் ஜீலாங் நகரத் தொழிற்சாலையில் பொறியாளர் லூ பேண்ட் வடிவமைத்த யூட் 1934இல் வெளிவந்தது.

அந்த இரட்டை வேலை இன்றைய பிக்கப்பின் உடம்பிலும் தெரிகிறது. பின்னால் இருப்பது கமான் பட்டை. ஒரு டன் வரை ஏற்றுவதை எதிர்பார்த்து அடுக்கியது. முன்னால் இருப்பது சுருள் ஸ்பிரிங். இன்ஜினையும் முன் இருக்கைக்காரர்களையும் தாங்குவதற்கு மட்டும் அளவெடுத்தது. புல் பாரின் எடையோ முன்னால் வந்து உட்காருகிறது.

100 கிலோ எப்படி 129 கிலோ ஆகிறது?

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். அச்சுக்கு முன்னால் மூட்டையைத் தள்ளி வைத்தால் மாட்டின் கழுத்தில் சுமை ஏறும். எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3,085 மில்லிமீட்டர். கழற்றிய பழைய பம்பரின் எடையைக் கழித்த பிறகு, புல் பாரும் வின்ச்சும் சேர்ந்து 100 கிலோ கூடுகிறது என்று கொள்வோம். அந்த எடையின் மையம் முன் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சில் கூடுவது சுமார் 129 கிலோ; பின் அச்சில் 29 கிலோ குறைகிறது.

அதாவது முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 64 கிலோ கூடுதல். சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுவில் ஸ்பிரிங் அமர்ந்திருந்தால் அதன் மேல் விழும் சுமை இரட்டிப்பாகி 128 கிலோ ஆகும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 10 கிலோ கேட்கும் ஸ்பிரிங் என்றால் அது 13 மில்லிமீட்டர் அமுங்கும். சக்கரம் அதன் இருமடங்கு நகர்வதால், சக்கரத்தருகே பார்த்தால் வண்டி ஓர் அங்குலம் இறங்கியிருக்கும்.

ஓர் அங்குலம்தானே என்று விட முடியாது. பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலெழுவதற்கு இருந்த இடத்திலிருந்து அந்த அங்குலம் போய்விட்டது. சேஸிஸில் இருக்கும் ரப்பர் தடுப்பில் சஸ்பென்ஷன் சீக்கிரமே இடிக்கும். பிரேக் பிடித்தால் மூக்கு இன்னும் குனியும். ஹெட்லைட் வெளிச்சம் தாழ்ந்து, தூரத்தில் நிற்கும் கங்காரு தாமதமாகத்தான் கண்ணில் படும்.

உயர்த்துவது வேறு, தாங்குவது வேறு

பலர் ஏமாறும் இடம் இதுதான். இறங்கிய முன்பக்கத்தை நிமிர்த்த, ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ஸ்பேசர் வளையத்தை வைப்பது மலிவான வழி. முறுக்குக் கம்பி சஸ்பென்ஷன் உள்ள பழைய பிக்கப்களில் போல்ட்டைத் திருகினாலே போதும், உயரம் கூடிவிடும். வண்டி நேராக நிற்பதால் வேலை முடிந்தது என்று தோன்றும்.

ஆனால் அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு துளியும் கூடவில்லை. 129 கிலோவை அது பழைய பலத்தோடுதான் சுமக்கிறது. எடை கூடி, விறைப்பு அப்படியே இருந்தால் வண்டி மெதுவாகவும் நீளமாகவும் ஊசலாடும். சரியான தீர்வு, கூடிய எடைக்கென்றே செய்த விறைப்பான ஸ்பிரிங். வெறும் வண்டிக்கு ஒன்று, புல் பார் உள்ள வண்டிக்கு ஒன்று, புல் பாரும் வின்ச்சும் உள்ள வண்டிக்கு ஒன்று என்று தரம் பிரித்தே இவை விற்கப்படுகின்றன.

ஸ்பிரிங்கை மாற்றினால் ஷாக் அப்சார்பரையும் மாற்ற வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்குவது ஷாக்கின் வேலை. விறைப்பான ஸ்பிரிங் அதிக விசையோடு எழும். பழைய ஷாக்கால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

தேவைக்கு மேல் விறைப்பாகப் போடுவதும் தவறு. பின்பக்கம் எப்போதும் காலியாக இருக்கும் வண்டிக்கு 300 கிலோ நிரந்தரச் சுமைக்கான கமான் பட்டையைப் போட்டால், பின் சக்கரம் மேட்டுக்கு மேடு துள்ளும். ஈரச் சாலையில் பிடிப்பு போகும். முன்னால் மட்டும் எடை கூடியிருந்தால் பின் பட்டையைத் தொடத் தேவையில்லை.

அளந்துவிட்டு மாற்றுங்கள்

பம்பரை மாட்டும் முன்பே சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். மாட்டிய பிறகு அதே அளவு எரிபொருளோடு மறுபடி அளந்தால் இறக்கம் துல்லியமாகத் தெரியும். வண்டியை எடை மேடையில் ஏற்றி முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடை போடுவது இன்னும் நல்லது.

ஸ்பிரிங்கை மாற்றியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும். விட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும். ஹெட்லைட்டையும் திருத்த வேண்டும். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உள்ள வண்டிகளில் ரேடாரையும் கேமராவையும் புதிய நிலைக்குச் சரிசெய்ய வேண்டும். ஏர்பேக் சரியான நொடியில் விரிவதும் முன் அமைப்பைப் பொறுத்தது; அந்த மாடலுக்கென்று சோதித்த பாரை மட்டுமே மாட்ட வேண்டும்.

ஸ்பிரிங் மாறினாலும் சட்ட எல்லை மாறாது

வண்டி சுமையோடு சேர்த்து அதிகபட்சம் எத்தனை கிலோ இருக்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாடலுக்கும் ஓர் எல்லை உண்டு. பலமான ஸ்பிரிங் போட்டதால் மட்டும் இந்த எண் உயராது; அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். புல் பாரின் ஒவ்வொரு கிலோவும் நீங்கள் ஏற்றக்கூடிய சுமையிலிருந்துதான் கழிகிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. வண்டிகளில் புல் பார் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரிகளுக்கும் வண்டியில் இருப்பவர்களுக்கும் அவை ஆபத்து என்பதே காரணம். நெரிசலான நம் சாலைகளில் அந்தத் தடை நியாயமானது. பிக்கப் வைத்திருப்பவர்கள் அதை மதிக்க வேண்டும்.

ஆனால் கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டியோ, கருவிப் பெட்டியோ, இரும்புக் கூடாரமோ, நிரந்தரமாக ஏறும் எந்த எடைக்கும் இது பொருந்தும். கடைக்குப் போகும் முன் இரண்டு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: வண்டியில் எப்போதும் இருக்கப்போகும் எடை எத்தனை கிலோ, அது எந்த அச்சின் மேல் விழுகிறது. சரியான ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க அந்த இரண்டும் போதும்.