திமிங்கிலம் தேடிச் செல்லும் சிறு படகுகள்: கிழக்குக் கடல் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்

உலகில் இன்று வாழும் உயிரினங்களுள் மிகப் பெரியது நீலத் திமிங்கிலமாகும். அதனை ஒரு தடவையேனும் நேரிற் காண வேண்டுமென்பதற்காகப் பெருந்தொகைப் பணத்தைச் செலவிட்டுத் தூர தேசங்களுக்குச் செல்வோர் பலர் உள்ளனர். ஆனால், திருகோணமலையில் கோணேசர் ஆலயம் அமைந்துள்ள சுவாமிமலையின் உச்சியில் நின்று, கடல் அமைதியாகவுள்ள காலை வேளையில் கிழக்குத் திசையை உற்றுநோக்குபவர் அப்பேருயிரின் மூச்சு வெண்ணிறத் தூணாக எழுந்து மறைவதைச் சில நாட்களிற் காணக்கூடியதாக உள்ளது. கரையில் நின்றே நீலத் திமிங்கிலத்தைக் காணக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே. எமது வாசலிலேயே உள்ள இச்செல்வத்தை எம்மவருள் எத்தனை பேர் அறிந்திருக்கின்றனர் என்பது கேள்விக்குரியதே.

பெரும் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அண்மையில் வருவதற்குக் காரணம் எமது கடலின் அமைப்பாகும். இலங்கையின் கிழக்கிலும் தெற்கிலும் கண்டமேடை மிகவும் ஒடுங்கியது. கொட்டியாரக் குடாவின் வாயிலிருந்தே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆரம்பமாகின்றது. கரையை விட்டுச் சில கிலோமீற்றர் சென்றாலே ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றராகி விடுகின்றது. இத்தகைய சரிவுகளில் ஆழ்கடலின் ஊட்டச்சத்துகள் மேலெழுவதனால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ணும் சிறு இறால் வகைகளும், அவற்றை உண்ணும் திமிங்கிலங்களும் அங்கு வந்து சேர்கின்றன. ஏனைய சமுத்திரங்களில் வாழும் நீலத் திமிங்கிலங்கள் பொதுவாக உணவுக்காகத் துருவக் கடல்களை நோக்கியும் இனப்பெருக்கத்துக்காக வெப்பக் கடல்களை நோக்கியும் இடம்பெயர்பவை. ஆனால் வட இந்து சமுத்திரத்தில் வாழ்பவை வெப்பக் கடலை விட்டு அகலாதவை. எமது நாட்டின் கடல்வாழ் உயிரியலாளர் கலாநிதி ஆஷா டி வோஸ் இவற்றைப் பற்றி நீண்டகாலமாக ஆராய்ந்து வருபவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவை எக்காலத்திலும் நிம்மதியாக வாழ்ந்தவை அல்ல. 1960களின் நடுப்பகுதியில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான நீலத் திமிங்கிலங்களை இரகசியமாகக் கொன்றதாகப் பின்னாளில் வெளிவந்த ஆவணங்கள் தெரிவிக்கின்றன. 1979 ஆம் ஆண்டில் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. அதனைத் தொடர்ந்து 1980களின் ஆரம்பத்தில் 'டியூலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களையும் ஸ்பேர்ம் திமிங்கிலங்களையும் அவதானித்துப் பதிவு செய்தனர். திமிங்கிலம் பார்க்கும் சுற்றுலாவுக்கு உரிய இடமாக உலகம் முதலில் அறிந்தது திருகோணமலையையே ஆகும். ஆயினும் 1983 இல் மூண்ட யுத்தம் அக்கதவை மூடிவிட்டது. கடற்றொழிலுக்குச் செல்வதற்கே நேரக் கட்டுப்பாடும் அனுமதிச்சீட்டும் வேண்டியிருந்த காலத்தில் திமிங்கிலத்தைப் பற்றி யார் சிந்தித்திருக்க முடியும்? 2006 ஆம் ஆண்டளவில் தெற்கே மிரிஸ்ஸவில் இத்தொழில் வேரூன்றியது. யுத்தம் முடிவுற்ற 2009 ஆம் ஆண்டின் பின்னரே கிழக்குக்கு அதன் வாய்ப்பு மீண்டும் கிட்டியது.

இன்று இலங்கையில் இதற்கென மூன்று பிரதான இடங்கள் உள்ளன. மிரிஸ்ஸவிலும் கற்பிட்டியிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான காலம் உகந்தது. வாடைக்காற்று ஓய்ந்த பின்னர், மார்ச் முதல் ஓகஸ்ட் வரை திருகோணமலையின் முறை வருகின்றது. மிரிஸ்ஸவில் பல பத்துப் பயணிகளை ஏற்றும் இருதட்டுப் படகுகள் பெருமளவில் ஓடுகின்றன. கற்பிட்டியிலும் திருகோணமலையிலும் பெரும்பாலும் மீனவர்களின் கண்ணாடியிழைப் படகுகளே பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஆறு அல்லது எட்டுப் பேர், ஒரு படகோட்டி, ஓர் உதவியாளர், பின்புறத்தில் வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று, அவ்வளவே.

அத்தகைய படகு ஒன்றில் உப்புவெளிக் கரையிலிருந்து ஓர் ஏப்ரல் மாத அதிகாலையில் நாமும் புறப்பட்டோம். படகோட்டி நாற்பது வருடங்கள் கடலோடு வாழ்ந்தவர். உதவியாளரான இளைஞர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக எதுவும் தென்படவில்லை. பின்னர் தூரத்தில் ஒரு மூச்சு எழுந்தது. நாம் பரபரப்படைந்து, "விரைவாகப் போங்கள் ஐயா" என்றோம். அவரோ இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, இறுதியில் அதனை நிறுத்தியும் விட்டார். "துரத்தினால் அது கீழே போய்விடும் தம்பி. அது போகும் திசையைப் பார்த்து, தள்ளி நின்று பொறுத்தால் மீண்டும் எழும்பும்" என்றார்.

அவர் கூறியவாறே நடந்தது. நீலத் திமிங்கிலம் மேலே வந்து சில நிமிடங்களுக்குள் பல தடவைகள் மூச்செடுத்த பின்னர், சுமார் பத்து நிமிடங்கள் வரை ஆழத்தில் இரை தேடும். அது மூழ்கிய இடத்தில் நீர்மட்டம் எண்ணெய் ஊற்றியது போன்று வழவழப்பாகச் சிறிது நேரம் காணப்படும். அத்தடயங்களையும் நேரத்தையும் கணக்கிட்டே எமது படகோட்டி காத்திருந்தார். மறுபடியும் அது எழுந்தபோது, அதன் மூச்சின் ஓசை எம்மை வந்தடைந்தது. படகிலிருந்த எவரும் பேசவில்லை. அதன் சாம்பல் நீல முதுகு நீண்டு, நீண்டு, முடிவின்றி உருண்டு செல்வதைப் போலிருந்தது. பின்னர் வால் உயர்ந்து மறைந்தது.

ஆனால் அக்காட்சி நீடிக்கவில்லை. எம்மைக் கண்டு வேறு மூன்று படகுகள் முழு வேகத்தில் அவ்விடத்துக்கு வந்தன. அடுத்த தடவை அது மேலே வந்தபோது, அவற்றுள் ஒன்று அதன் பாதையைக் குறுக்கே வெட்டிச் சென்றது. திமிங்கிலம் இரண்டொரு மூச்சுடன் மூழ்கியது. அரை மணித்தியாலம் காத்திருந்தும் அது எமது கண்ணிற் படவில்லை. மூன்று படகுகளின் பயணிகளும் எதனையும் சரிவரக் காணாமலேயே கரை திரும்பினர்.

அன்று நாம் கண்ட இச்சிறு சம்பவத்திலேயே இத்தொழிலின் முழுப் பிரச்சினையும் அடங்கியுள்ளது. திமிங்கிலம் மேலே வருவது வேடிக்கை காட்டுவதற்காக அன்று. அது எம்மைப் போல் நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டியாகும். மூச்சு முழுமையாக எடுக்கப்படாவிடின் அடுத்த மூழ்குதல் குறுகிவிடும். அதனால் அதற்குக் கிடைக்கும் உணவும் குறைந்துவிடும். ஒரு நாளில் ஒரு படகு இவ்வாறு செய்தால் பாதிப்பு சிறிதாக இருக்கலாம். பருவகாலம் முழுவதும், நாள் தோறும் பல படகுகள் செய்யுமாயின், குட்டியுடன் வாழும் தாய்த் திமிங்கிலத்தின் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

டொல்பின்களின் விடயத்திலும் இதுவே உண்மை. எமது மீனவர்கள் ஓங்கில் என அழைக்கும் இவற்றுள், கற்பிட்டிக் கடலில் நூற்றுக்கணக்கிற் கூட்டமாகத் திரியும் சுழலும் டொல்பின்கள் துள்ளியெழுந்து அந்தரத்திற் சுழல்வதைக் காணப் பலர் வருகின்றனர். ஆனால் இவ்வினம் இரவில் இரை தேடி, பகலில் ஓய்வெடுப்பது. காலையில் படகுகள் கூட்டத்தின் நடுவே புகுந்து ஓடும்போது குழப்பப்படுவது அவற்றின் உறக்கமேயாகும். இதே காரணத்துக்காகவே ஹவாய்த் தீவுகளில் இவ்வகை டொல்பின்களை 50 யார் தூரத்துக்குள் அணுகுவதற்கு 2021 ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது.

அவுஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டல்களின்படி, திமிங்கிலத்துக்கு 100 மீற்றரும் டொல்பினுக்கு 50 மீற்றரும் இடைவெளி விடப்படல் வேண்டும். ஒரு திமிங்கிலத்தைச் சூழவுள்ள 300 மீற்றர் அவதான வலயத்தினுள் ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. முன்னாலிருந்து குறுக்கிடுவதோ பின்னாலிருந்து துரத்துவதோ கூடாது. எமது நாட்டிலும் விதிகள் இல்லாமலில்லை. வனவிலங்குகள் மற்றும் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், கடல்வாழ் பாலூட்டிகளை அவதானிப்பதை ஒழுங்குபடுத்தும் விதிகள் 2012 ஆம் ஆண்டில் வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. எனினும், கடலின் நடுவே அவ்விதிகளைக் காப்பவர் யார் என்பதே வினா. மிரிஸ்ஸவில் ஒரே திமிங்கிலத்தைப் பல படகுகள் வளைத்து நிற்பதாக ஆய்வாளர்களும் பயணிகளும் வருடக்கணக்காக முறையிட்டு வந்துள்ளனர்.

இதற்காகப் படகோட்டிகளை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை நிலாவெளியையும் கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கியது. அதன் பின்னர் யுத்தம், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள், கொரோனா என ஒன்றின் பின் ஒன்றாக இம்மக்களின் வருமானம் தடைப்பட்டது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெயையே நம்பியிருந்த மீனவர்களின் அடுப்பிலேயே அந்த அடி விழுந்தது. மீன்பாடு இல்லாத நாளில் ஒரு சுற்றுலாப் பயணம் ஒரு குடும்பத்தின் உணவாகின்றது. பணம் கொடுத்த பயணி "இன்னும் கிட்டப் போ" என வற்புறுத்தும்போது, மறுத்துரைக்கும் துணிவு எல்லோருக்கும் வருவதில்லை. கைத்தொலைபேசியில் ஒரு படத்துக்காக அவசரப்படும் பயணியே பல வேளைகளில் விதியை மீறத் தூண்டுபவராக உள்ளார். நாமும் அன்று அவ்வாறே அவசரப்படுத்தினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மையில், இத்தொழிலுக்குச் சிறு படகே மிகப் பொருத்தமானது. அது நீர்மட்டத்துக்கு அண்மையிலுள்ளது; பயணிகள் குறைவு; இயந்திரத்தை நிறுத்தினால் அமைதி கிடைக்கின்றது. கடலை அறிந்த மீனவரின் பொறுமை அதற்கு வழிகாட்டியாக உள்ளது. அதேவேளை, அதன் பலவீனங்களையும் மறைக்கலாகாது. பெரிய உயிரினத்துக்கு அருகில் சென்றால் கவிழும் ஆபத்து அதற்கே அதிகம். ஆகவே, புறப்படுமுன் பயணிகள் சில விடயங்களைக் கவனத்திற்கொள்ள வேண்டும். உயிர்காப்பு அங்கி ஒவ்வொருவருக்கும் உள்ளதா, அது கரையிலேயே அணியப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றும் படகில் ஏறக் கூடாது. காற்று எழுமுன் திரும்புவதற்கு ஏற்ற வகையில் அதிகாலையிலேயே புறப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "துரத்த வேண்டாம், தள்ளி நின்றே பார்ப்போம்" என்று கரையிலேயே படகோட்டியிடம் கூறிவிட வேண்டும். அவ்வொரு சொல் அவருடைய மனப்பாரத்தைக் குறைக்கும்.

திமிங்கிலத்துக்கு ஏற்படும் பேராபத்து சிறு படகினால் வருவதன்று என்பதும் உண்மையே. தேவேந்திரமுனைக்குத் தெற்கேயுள்ள கப்பற்பாதை உலகின் நெருக்கடிமிக்க பாதைகளுள் ஒன்றாகும். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கொள்கலன் கப்பலொன்றின் முகப்பில் நீலத் திமிங்கிலம் ஒன்று இறந்து தொங்கிய காட்சியைப் பலர் கண்டனர். 2022 இல் உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி., தனது கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே விலக்கிச் செலுத்தத் தீர்மானித்தது. பெருங்கப்பல்கள் திமிங்கிலத்துக்காக 15 மைல் விலக முடியுமாயின், எமது படகுகள் 100 மீற்றர் விலகி நிற்பது இயலாத காரியமன்று.

எமது மக்களிடம் அதற்கான மனம் இல்லை எனவும் கூற முடியாது. 2017 மே மாத இறுதியில், மூதூருக்கு அண்மையிலுள்ள சம்பூர்க் கரையில் சுமார் இருபது பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. யுத்தத்தினால் 2006 இல் இடம்பெயர்ந்து, நீண்ட காலத்தின் பின்னரே தமது மண்ணுக்குத் திரும்பியிருந்த ஊர் அது. அம்மக்களும் கடற்படையினரும் சேர்ந்து அவற்றை மீண்டும் கடலுக்குள் தள்ளிக் காப்பாற்றினர். 2020 நவம்பரில் பாணந்துறையிலும் நூற்றுக்கும் அதிகமான பைலட் திமிங்கிலங்கள் இவ்வாறே இரவிரவாகக் காப்பாற்றப்பட்டன. தமக்கு எவ்வித ஆதாயமும் இல்லாதபோதே அவ்வாறு நீரில் இறங்கிய மக்கள், தமது வாழ்வாதாரமே தங்கியுள்ள உயிரினத்தைக் காக்க மாட்டார்களா?

எனவே, திருகோணமலையிலும் கற்பிட்டியிலும் பயணிகளை ஏற்றும் மீனவர்களுக்கு முறையான பயிற்சியும், அவர்களது மொழியிலேயே எழுதப்பட்ட வழிகாட்டல்களும் வழங்கப்படல் வேண்டும். விதிகள் தமிழில் துறையடியிற் காட்சிப்படுத்தப்படல் வேண்டும். படகோட்டிகளின் சங்கங்களே ஒரு திமிங்கிலத்துக்கு எத்தனை படகுகள் என்ற முறையை வகுத்து, அதனை மீறுபவரைத் தாமே கட்டுப்படுத்தும் நிலை உருவாதல் வேண்டும். கடலில் ஒருவர் வலை விரித்த இடத்தில் மற்றவர் விரிப்பதில்லை என்ற ஒழுங்கை எவரும் எழுதித் தரவில்லை; மீனவ சமூகமே அதனைப் பேணி வருகின்றது. திமிங்கிலத்தின் விடயத்திலும் அவ்வொழுங்கு சாத்தியமானதே.

தெற்கில் இடம்பெற்ற தவறுகளைக் கிழக்கு மீண்டும் செய்ய வேண்டிய அவசியமில்லை. யுத்தத்தினால் பல தசாப்தங்கள் பிந்திக் கிடைத்த வாய்ப்பு இது. அதனைச் சில வருட அவசரத்தில் இழந்துவிடாதிருப்பது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினதும் சுற்றுலாத்துறை அதிகாரிகளினதும், படகோட்டிகளினதும், பயணிகளான எம்மதும் பொறுப்பாகும்.