கையெழுத்துப் போட மறுக்கும் உரிமை

1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,300 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று விமானி அறையின் முன்கண்ணாடி ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் டிம் லங்காஸ்டரின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவர் கால்களை விடாமல் பிடித்திருக்க, துணை விமானி அலஸ்டேர் அட்சிசன் விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

27 மணி நேரத்துக்கு முன்புதான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். இரவு ஷிப்டில் ஆள் பற்றாக்குறை, அதனால் ஷிப்ட் மேலாளரே வேலையில் இறங்கினார். கழற்றிய போல்ட் ஒன்றைக் கையில் எடுத்துப்போய், மங்கலான வெளிச்சத்தில் கண்ணால் ஒப்பிட்டு, அதே போன்றவை என்று நினைத்துப் புதியவற்றைப் பொறுக்கி எடுத்தார். எந்த எண் போல்ட் பொருந்தும் என்று ஸ்டோர் பணியாளர் சொன்னார். அதை அவர் ஏற்கவில்லை. உதிரிபாகப் பட்டியலைப் புரட்டியிருந்தால், கழற்றிய பழைய போல்ட்டே தவறானது என்பது தெரிந்திருக்கும். மாட்டிய 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் 0.026 அங்குலம் குறைவு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மீதி 6 நீளத்தில் குறைவு. அந்த வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அன்று கிடையாது.

அவரை அலட்சியக்காரர் என்று ஒதுக்கிவிட்டால் விஷயம் கைநழுவிப் போகும். ஆள் இல்லாதபோதும் எப்படியாவது வேலையை முடித்துத் தருபவரைத்தான் எல்லா நிறுவனங்களும் பாராட்டுகின்றன. என்னைக் கேட்டால், ஆபத்து அந்தப் பாராட்டில்தான் தொடங்குகிறது.

சில இடங்களில் நிறுவனமே குறுக்குவழியை வகுத்துக் கொடுக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 விமானங்களில் எஞ்சினை முதலிலும், அதை இறக்கையோடு இணைக்கும் பைலானைப் பிறகும் தனித்தனியாகக் கழற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. விமானத்துக்குச் சுமார் 200 ஆள்-மணி நேரம் மிச்சமாகும் என்று இரண்டையும் சேர்த்தே ஃபோர்க்லிஃப்டில் இறக்கினார்கள். அதில் பைலானில் விரிசல் விழுந்தது. 1979 மே 25 அன்று சிகாகோவில் ஓடுபாதையை விட்டு எழும்போதே ஒரு விமானத்தின் இடப்பக்க எஞ்சின் பைலானோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது. 273 பேர் இறந்தார்கள். தவறு மறுநாளே தெரிந்துவிடும் என்பதும் இல்லை. 1978-இல் சரியாகச் செய்யாத ஒரு பழுதுபார்ப்பு, 1985-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் 520 உயிர்களைப் பறித்தது.

இந்தியாவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்திட்டுச் சான்று கொடுத்தால்தான் பராமரிப்பு முடிந்த விமானம் பறக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட கையேட்டின்படி, உரிய பாகங்களைக் கொண்டு வேலை முடிந்தது என்பதற்கு அந்தக் கையெழுத்து அத்தாட்சி. திருப்தியில்லை என்றால் அவர் கையெழுத்துப் போடக் கூடாது. மேலதிகாரி வற்புறுத்தினால், "எழுத்தில் கொடுங்கள் சார்" என்று கேட்கலாம், கேட்க வேண்டும். கையேட்டில் உள்ள முறை நடைமுறைக்கு ஒத்துவரவில்லையா? தானாக மாற்றாமல் தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதித் திருத்தம் பெற வேண்டும். பாதியில் நிற்கும் வேலையை அடுத்த ஷிப்டுக்கு வாய்மொழியாக ஒப்படைக்கக் கூடாது. எது முடிந்தது, எது பாக்கி என்று எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்துக்குள் சொல்லிப் பலனில்லை என்றால், டிஜிசிஏவின் தன்னார்வத் தகவல் முறையில் தெரிவிக்கலாம். தகவல் தருபவரின் அடையாளத்தை ரகசியமாக வைத்திருப்பார்கள்.

பயணிகளான நமக்கும் இதில் பங்கு உண்டு. "தொழில்நுட்பக் கோளாறு, தாமதமாகும்" என்றதும் கவுன்டரில் கூச்சல் எழுகிறது. அந்த அழுத்தம் அங்கேயே நிற்பதில்லை. ஹேங்கரில் டார்ச்சோடு குனிந்து நிற்பவர் வரை போய்ச் சேர்கிறது. விமானத்தை நிறுத்தி வைத்தவரைத் திட்டாதீர்கள். உங்கள் உரிமையை மட்டும் விடாதீர்கள்.

இந்திய விதிகளின்படி, நேரத்துக்கு செக்-இன் செய்திருந்தால், பறக்கும் நேரம் இரண்டரை மணி வரையுள்ள விமானம் 2 மணி நேரம் தாமதித்தாலே சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். உரிய காலத்தில் சொல்லாமல் ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இவற்றில் எது குறைவோ அது இழப்பீடு. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் விமான நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் அரசின் ஏர்சேவா புகார் தளம், பிறகு நுகர்வோர் ஆணையம்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து கிளம்பும் விமானம் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 250 முதல் 600 யூரோ வரை கேட்கலாம். "கோளாறு எங்கள் கையில் இல்லை" என்று நிறுவனம் தட்டிக்கழித்தால் ஏற்காதீர்கள். பராமரிப்பின்போது தெரியவரும் வழக்கமான பழுது அசாதாரணச் சூழ்நிலை ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்துவிட்டது.