மகமைப் பணமும் பள்ளிக்கூடமும்

மகமை வியாபாரிகளுக்குப் புதிதல்ல. விருதுநகர் வணிகர்கள் 1880களில் மகமைப் பணத்தில்தான் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் அதற்குச் சேர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது.

மேல்சித்தாமூர், திண்டிவனம் பக்கத்துக் கடைக்காரர்களாகிய நாமும் கொடுக்காமல் இல்லை. ஆண்டு விழாவுக்கு ஒருவர், நோட்டுப் புத்தகத்துக்கு ஒருவர் என்று தனித்தனியே கொடுக்கிறோம். அது அந்த ஆண்டோடு கரைந்துவிடுகிறது. ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் அரசுப் பணமும் கூட வரும்.

1997-98இல் தொடங்கி, 2021-22இல் மீண்டும் வந்த 'நமக்கு நாமே' திட்டத்தின் கணக்கு எளிது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும். உதாரணமாக, 6 லட்ச ரூபாய் சுற்றுச்சுவருக்கு நம் பங்கு 2 லட்சம். 40 கடைக்காரர்கள் ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டால் போதும்.

முதலில் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கலந்து, எந்த வேலை அவசரம் என்று தீர்மானம் எழுதி வாங்குங்கள். பிறகு மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். அந்த ஆண்டு நிதி ஒதுக்கீடு உண்டா என்று விசாரித்த பின்பே வசூலில் இறங்குங்கள். ரொக்கம் வேண்டாம், வங்கி மூலமே கட்டி ரசீது வாங்குங்கள்.

பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஊர் குறையும். ஊர் குறைந்தால் நம் கடைக்கு யார் வருவார்கள்?