ஹில்சா மீனின் இருப்பை மதிப்பிடும் முறைகள்

காட்டிலுள்ள மரங்களை எண்ணிவிடலாம். கடலிலுள்ள மீன்களை எண்ண இயலாது. ஆயினும், எவ்வளவு பிடித்தால் இனம் குன்றாது என்பதை அறியாமல் மீன்வளத்தைக் காத்தலும் இயலாது. இவ்விடரை ஆராய்ச்சியாளர் தீர்க்கும் வகையை விளக்க, கொல்கத்தா மக்கள் பெரிதும் விரும்பும் ஹில்சா மீன் தக்க எடுத்துக்காட்டாகும்.

வங்காளிகள் 'இலிஷ்' என்றும் தமிழ் மீனவர் 'உல்லம்' என்றும் வழங்கும் இம்மீன் மத்தியின் உறவினமாகும். இது வங்கக் கடலில் வளர்ந்து, மழைக்காலத்தில் ஹூக்ளி ஆற்றில் ஏறி நன்னீரில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஆற்றிலும் கழிமுகத்திலும் சில மாதங்கள் வளர்ந்து கடலுக்குத் திரும்புகின்றன. முன்னாளில் ஹில்சா கங்கையில் அலகாபாத் வரையிலும் சென்றது. 1975-இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அவ்வழி பெரிதும் தடைப்பட்டது. 1947-இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்று, இன்று பாரக்பூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சிக் கழகம் இம்மீனை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

முதலாவது முறை, பிடிப்பையும் உழைப்பையும் ஒருங்கே கணக்கிடுதல். பிடிப்பின் மொத்த எடை மட்டும் உண்மையைக் காட்டாது. எடுத்துக்காட்டாக, 10 படகுகள் நாளொன்றுக்கு 100 கிலோ பிடித்த இடத்தில் பின்னர் 20 படகுகள் 140 கிலோ பிடித்தால், மொத்தம் உயர்ந்தது போலத் தோன்றும். ஆனால் ஒரு படகின் பங்கு 10 கிலோவிலிருந்து 7 கிலோவாகக் குறைந்துவிட்டது. இருப்புக் குன்றுவதற்கு இது ஓர் அறிகுறியாகலாம். ஆகவே படகுகளின் எண்ணிக்கை, வலையின் நீளம், வலை நீரிலிருந்த நேரம் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும்.

இரண்டாவது முறை, மீன்களின் நீளத்தை அளத்தல். வெப்ப நாட்டு மீன்களின் செதிலில் ஆண்டு வளையங்கள் தெளிவாக அமைவது அரிது. எனவே நீளமே வயதை ஊகிக்கத் துணையாகிறது. மாதந்தோறும் அளந்து வரைபடமாக்கினால், ஒரே பருவத்தில் பிறந்த கூட்டம் படிப்படியாக நீளம் கூடி நகர்வதைக் காணலாம். அதனின்று வளர்ச்சி வேகம் தெரிய வரும். பெரிய அளவுகளில் எண்ணிக்கை குறையும் விகிதத்திலிருந்து மொத்த இறப்பு கணிக்கப்படும். இறப்பில் ஒரு பகுதி நோயாலும் பகை மீன்களாலும் நேர்வது. எஞ்சியது மீன்பிடிப்பால் நேர்வது. மீன்பிடிப்பின் பங்கு பாதியைக் கடந்தால் எச்சரிக்கை தேவை என்பது பொதுவான, ஆயினும் தோராயமான, விதியாகும்.

மூன்றாவது முறை, சினையை ஆராய்தல். பெண் மீன்களுள் பாதி முதிர்ச்சியடையும் நீளம் எது, எம்மாதங்களில் முட்டையிடுகின்றன என்பவற்றை இது காட்டும். பிடிக்கத்தக்க சிற்றளவும் தடைக்காலமும் இவ்வறிவைச் சார்ந்தே வகுக்கப்பட வேண்டும்.

இம்முறைகள் அனைத்தும் மாதிரியின் நேர்மையைப் பொறுத்தன. செவுள் வலையில் மிகச் சிறிய மீன் நழுவிச் செல்லும். மிகப் பெரியதோ வலைக்கண்ணில் நுழையாது. ஆகையால் ஒரே வகை வலையின் மீன்களை மட்டும் அளந்தால் முடிவு பிழைபடும். ஆற்றில் பெரிய மீன் குறைவது இறப்பால் மட்டுமன்று, கடலுக்குச் செல்வதாலும் ஆகலாம். எனவே டைமண்ட் ஹார்பர், காக்தீப் போன்ற இறங்குதளங்களின் கடல் மீனையும் ஆற்று மீனையும் சேர்த்தே அளக்க வேண்டும். வணிகர் மேலே அடுக்கிய பெரிய மீன்களைத் தேர்ந்தெடாமல், தரம் பிரிக்குமுன்பே மாதிரி எடுப்பது நன்று.

மேற்கு வங்க அரசு 2013-இல் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஹில்சாவைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. 90 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுடைய வலைகளையும் விலக்கியது. எனினும் 'கோக்கா இலிஷ்' எனப்படும் இளமீன்கள் சந்தைக்கு வருவது முற்றிலும் நிற்கவில்லை. தடைநாளில் வலையை மடித்து வைப்பவன் அன்றாடக் கூலியை இழக்கிறான் என்பதையும் மறத்தல் ஆகாது. இதே மீனைப் பகிர்ந்துகொள்ளும் வங்காளதேசம் இளமீன் தடையோடு மீனவர் குடும்பங்களுக்கு அரிசியும் வழங்குகிறது. அங்கு 2002-03-இல் சுமார் 2 லட்சம் டன்னாயிருந்த பிடிப்பு, 2017-18-இல் 5 லட்சம் டன்னைக் கடந்தது. இவ்வுயர்வில் மிகுந்த உழைப்பின் பங்கு எவ்வளவு, தடையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறியவும் மேற்கூறிய முறைகளே தேவைப்படுகின்றன.

தவறான அளவுகளினின்று பிறக்கும் விதி மீனையும் காவாது, மீனவனையும் காவாது. எனவே களப்பணியாளர் ஒவ்வோர் அளவுடனும் நாள், இடம், வலைக்கண் ஆகியவற்றைத் தவறாது பதிதல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவரைச் சந்தைக்கு அழைத்துச் சென்று, எந்த மீனாயினும் 50 மீன்களை முகவாய் முதல் வால் நுனி வரை அளக்கச் செய்து, மாதந்தோறும் வரைபடம் தீட்டச் சொல்லலாம். மூன்று நான்கு மாதங்களில் மீன் கூட்டம் வளர்ந்து நகர்வதை மாணவர் தாமே கண்டறிவர்.